பதவியும் பணியும்



தலைமையாசிரியர் பதவியினின்று நான் ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோது, தனியார் பள்ளியொன்று தன் தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு என்னை அழைத்தது. ஏற்பதா, மறுப்பதா? விடை காண இரு பெரியோர் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தேன்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த தியாகராச செட்டியார் 1880-இல் ஓய்வு பெற்றபோது, தம் இடத்திற்கு உ. வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். அப்பொழுது ஐயருக்கு அகவை 24. தக்கார்க்கு வழிவிடுதலும் ஒரு தொண்டே அன்றோ?

ஐயர் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1919-இல் ஓய்வு பெற்றார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக விளங்கினார். அதன்பின்னும் ஏடுகளை விட்டாரில்லை. 1937-இல் குறுந்தொகையைப் பதிப்பித்து வெளியிட்டபோது அவருக்கு அகவை 82. பதவிகள் மாறினும் பதிப்புப் பணி மாறவில்லை.

எனக்குரிய பணி எது என்று என்னையே கேட்டேன். கற்பித்தல் என்று உள்ளம் விடை கூறிற்று. தலைமைப் பொறுப்பை இளையவர் ஒருவர்க்கு அளிக்குமாறு அப்பள்ளிக்கு எழுதினேன். இன்று மாலைதோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சிறுவர்க்குக் கணக்குக் கற்பிக்கிறேன்.

நீங்களும் தொழிலைத் தேரும்போது ஊதியத்தோடு இதனையும் எண்ணுங்கள்: பதவி நீங்கிய பின்னும் உங்களை விட்டு நீங்காத பணி எது?