பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள்

வாட்ச் கடைக்குப் போகிறோம். கடைக்காரத் தவுக்கே ஒரு வாட்ச்சை எடுத்து நம் கையில் கொடுத்து, "ஆட்டோமேட்டிக், 21 கல், வாட்டர் புரூஃப், ஜப்பான் சாமான்" என்கிறார். உடனே விலையையும் சொல்கிறார். நாம் அந்த விலையில் இருபது வெள்ளி குறைக்கப் பேசுகிறோம். முன்னால் சொன்ன நான்கு சொல்லைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. இன்று அந்தச் சொற்களைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

மலாக்கா மாநிலத்துத் தமிழர் வீட்டில் வாட்ச்சுக்குத் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதை தோட்ட வாழ்க்கையிலிருந்து வந்தது. டான் சே யான் என்ற தோட்ட முதலாளி 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்று நட்டு, பிறகு புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் போட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரானது அங்கேதான் தொடங்கியது. தோட்டத்தில் பொழுது என்றால் பெரட்டு, அதாவது காலை வருகைப் பதிவு. இருட்டோடு எழுந்து பெரட்டுக்களத்தில் நின்றால்தான் செக்ரோலில் பெயர் விழும். நேரம் அலுவலகத்துக்காரர் கையில் இருந்த காலம் அது. அதனால்தான் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய முதல் வாட்ச்சைப் பெரியவர்கள் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள். இன்றைக்கும் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்ச் போடுகிறோம். எஸ்.பி.எம். தேறிய பிள்ளைக்கு வாங்கித் தருகிறோம். ஆசையோடு கொடுக்கிற பொருள், ஏமாந்து வாங்கியதாக இருக்கக் கூடாது.

முதலில் உள்ளே ஓடும் இயந்திரம். கடைக்காரர் இதை மூவ்மென்ட் என்பார். குவார்ட்ஸ் என்று போட்டிருந்தால் அது பேட்டரி வாட்ச். உள்ளே இருக்கும் சின்னப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணித்தான் முள் நகர்கிறது. 1969 டிசம்பர் 25ஆம் நாள் தோக்கியோவில் சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற பெயரில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. இன்று சாதாரண குவார்ட்ஸ் வாட்ச்கூட மாதத்துக்கு 20 வினாடிக்குள்தான் பிசகும்.

ஆட்டோமேட்டிக்குக்குப் பேட்டரி கிடையாது. உள்ளே ஓர் அரைவட்டத் தகடு கை ஆட ஆடச் சுழன்று வில்லுக்குச் சாவி கொடுக்கிறது. 1963இல் வந்த சீக்கோ 5 இந்த வகையில் உலகம் முழுக்கப் புகழ் பெற்றது. அந்த வரிசையில் பல ஆண்டுகள் ஓடிய 7எஸ்26 என்ற இயந்திரம் ஒரு நாளைக்கு 45 வினாடி முந்தலாம், 35 வினாடி பிந்தலாம் என்று அதன் கையேடே சொல்கிறது. மாதத்துக்கு 20 வினாடி எங்கே, நாளுக்கு 45 வினாடி எங்கே! விலை கூடினால் நேரமும் துல்லியமாக இருக்கும் என்று நினைத்து ஆட்டோமேட்டிக் வாங்குவோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதை வாங்கச் சரியான காரணம் வேறு: பேட்டரி மாற்றாமல், இடையிடையே பழுது பார்த்துக்கொண்டு, பல ஆண்டுகள் கட்டலாம்.

ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ஆட்டோமேட்டிக் வாங்கித் தரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கழற்றி வைத்தால் சுமார் 40 மணி நேரத்தில் அது நின்றுவிடும். அவர் கையை அதிகம் ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாலும் நிற்கும். 7எஸ்26க்குப் பக்கத்துக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்கவும் முடியாது. மெதுவாக ஆட்டித்தான் ஓடவைக்க வேண்டும். பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 4 மணிவரை தேதியைத் திருப்பாதீர்கள். அந்த நேரத்தில் பல்சக்கரங்கள் தேதியை மாற்றப் பிடித்திருக்கும்; பல் உடைந்துபோகலாம்.

இனி, அதிகமானவர்கள் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். தண்ணீர்.

வாட்டர் புரூஃப் என்று கடைக்காரர் சொல்வார். பின்மூடியில் வாட்டர் ரெசிஸ்டண்ட் என்றுதான் இருக்கும். தண்ணீரைத் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அதற்குப் பொருள். எவ்வளவு என்பதைப் பக்கத்தில் உள்ள எண் சொல்லும். 30 மீட்டர், அதாவது 3 பார் என்று இருந்தால், மழைத்தூறலும் கைகழுவும் தண்ணீரும் மட்டுமே. 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அது ஆய்வகத்தில் அசையாமல் வைத்துக் கொடுத்த அழுத்தத்தின் கணக்கு. 50 மீட்டர் என்றால் கொஞ்ச நேரம் நீந்தலாம். பெங்காலான் பாலாக் கடலில் பிள்ளைகளோடு இறங்குவதாக இருந்தால் 100 மீட்டராவது வேண்டும். ஆழத்தில் மூழ்குவோருக்கான வாட்ச்சில் டைவர்ஸ் என்ற சொல் இருக்கும், அதற்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தனிச் சோதனை உண்டு.

இந்தப் பாதுகாப்பு முழுவதும் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தில் இருக்கிறது. அது நாளாக நாளாகக் காய்ந்து வெடிக்கும். பேட்டரி மாற்றும்போது வளையம் சரியாக உட்காராவிட்டால், நேற்றுவரை 100 மீட்டராக இருந்தது இன்று மழையைக்கூடத் தாங்காது. வெந்நீர் இன்னும் மோசம். காடேக் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்கள் எந்த வாட்ச்சாக இருந்தாலும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். சூடும் நீராவியும் வளையத்தைத் தளர்த்திவிடும்.

வெயிலில் உழைப்பவர்கள், குறிப்பாகச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர்கள், பின்மூடியில் இன்னொரு வரியைத் தேடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்று மட்டும் இருந்தால் மூடி மட்டும்தான் எஃகு. உடல் பெரும்பாலும் பித்தளைபோன்ற உலோகத்தில் முலாம் பூசியதாக இருக்கும். சிலவற்றில் பேஸ் மெட்டல் என்றே வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். வியர்வை பட்டுப்பட்டு முலாம் உரியும், தோல் அரிக்கும். ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றோ, வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றோ இருந்தால் முழு உடலும் எஃகு. ஒரு சொல் கூடுவதிலும் குறைவதிலும் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. இந்த ஒரு வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டாலே பாதிப் பணம் மிச்சம் என்பேன்.

21 கல் என்பதற்கு வருவோம். அவை செயற்கை மாணிக்கங்கள். 1902இல் ஆகுஸ்த் வெர்னேய் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றை உருவாக்கும் முறையை வெளியிட்டார். அதிலிருந்து அவை மலிவாகிவிட்டன. சக்கரத்தின் அச்சு தேயாமல் சுழல அவை உதவுகின்றன. நகைக்கடை மதிப்பு கிடையாது. 17 கல்லிலேயே நல்ல சாவி வாட்ச் ஓடும். 1960களில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டவே 100 கல் வைத்த வாட்ச்சுகள்கூட வந்தன. கல்லை எண்ணி விலை கொடுக்காதீர்கள்.

கண்ணாடியில் மினரல் என்றால் கடினமாக்கிய சாதாரணக் கண்ணாடி. சஃபையர் என்றால் வைரத்துக்கு அடுத்த படியில் நிற்கும் கடினம். மண்ணில் உள்ள மணல் அதைக் கீறாது. ஆனால் ஓங்கி அடிபட்டால் உடையும்.

கடைசிச் சொல் ஜப்பான். முகப்பின் அடியில் பொடி எழுத்தில் ஜப்பான் மூவ்ட் என்று இருந்தால், உள்ளே இருக்கும் இயந்திரம் மட்டும் ஜப்பான் நிறுவனத்துடையது. கூடு, கண்ணாடி, வார் எல்லாம் எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஜோங்கர் சாலை இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைப்பதிலும் இந்த எழுத்தைப் பார்க்கலாம். மேட் இன் ஜப்பான் என்பது வேறு. ஸ்விஸ் மேட் என்று போட, 2017 முதல், தயாரிப்புச் செலவில் 60 விழுக்காடாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். சீக்கோ 5 வாட்ச்சுகள் பலவற்றின் பின்மூடியில் மேட் இன் மலேசியா என்று இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம். நம் நாட்டில் செய்த அசல் பொருள் அது.

வாங்கிய முதல் வாரம், வானொலியில் செய்தி தொடங்கும் நேரத்தோடு தினமும் ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். 1981 டிசம்பர் 31 நள்ளிரவு, தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை 30 நிமிடம் முன்னே திருப்பியது மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். அன்று முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம். இன்று அந்த நேரத்தைக் காப்பது சிரிம் நிறுவனம். கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டி உங்கள் வாட்ச் பிசகினால், எழுதி வைத்த கணக்கோடு கடைக்குப் போங்கள்.

வாங்கும்போதே ரசீதில் மாடல் எண், தண்ணீர் அளவு, உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "ஏன் தவுக்கே, 100 மீட்டர்னு சொன்னீங்களே, அதையும் எழுதிடுங்க" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்றாக இருந்து கடைக்காரர் மறுத்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளிவரை இழப்பீடு கேட்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ரசீதும் உத்தரவாத அட்டையும் கையில் இருந்தால் நீங்களே பேசலாம்.