அருவியின் வேகமும் திரையின் எழுத்தும்

குற்றால அருவியைக் குறும்படமாக்க எண்ணுவோர் ஒன்றை உணர வேண்டும். நொடிக்கு 48 படங்களாகப் பிடித்த காட்சியை 24 படங்களாக ஓட்டினால், அருவியின் வேகம் பாதியாகிறது. சீறும் நீர் பட்டுத் துகில்போல் மிதக்கிறது, அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் பாய்ந்த திடீர் வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கவர்ந்தது. அத்தகைய வெள்ளத்தை மெல்ல ஓட்டிக் காட்டினால், காண்போர் அச்சமின்றி அருகே செல்லத் துணிவர். ஆகவே, வெள்ளக் காட்சியை இயல்பான வேகத்திலேயே விடுங்கள் என்பேன். மெல்ல ஓட்டியே தீரவேண்டுமெனில், 'வேகம் குறைக்கப்பட்டது' என்று திரையிலே எழுதுங்கள். அவ்வெழுத்து வெண்ணுரையில் மறையாதபடி கரிய பட்டையின்மேல் அமையட்டும். தென்காசிச் சிறுவன் ஒருவன் நிதானமாக இருமுறை படித்து முடிக்கும்வரை நிற்கட்டும். கலைஞன் காலத்தை நீட்டலாம், உண்மையை மறைக்கலாகாது.