உடன் உழைப்பவரின் மனச்சுமை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் கலவையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் பலர் ஆற்காடு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், செய்யாறு எனத் தோல் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் சென்று வருகின்றனர். விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை அவர்கள் மனைவி மக்களுடன் அன்றி, உடன் பணிபுரிவோருடன்தான் கழிக்கின்றனர். அண்டை வீட்டாரின் உரிமைகளைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அருகில் நின்று உழைப்பவரின் உரிமையைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆகவே, மன அழுத்தத்தால் எரிந்து விழும் ஒரு சகத் தொழிலாளியிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்பது குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

அந்த எரிச்சல் எங்கே பிறக்கிறது? காலணித் தொழிற்சாலையில் கட்டிங் தாமதித்தால் ஸ்டிச்சிங் காத்திருக்கும்; ஸ்டிச்சிங் தாமதித்தால் லாஸ்டிங் நின்றுவிடும். ஷிப்மெண்ட் நாள் நெருங்கும்போது அத்தனை தாமதமும் கடைசியில் பேக்கிங்கில் நிற்பவர் தலையில் விழும். மேலாளர் சூப்பர்வைசரைக் கடிவார். சூப்பர்வைசர் லைனில் இருப்பவரைக் கடிவார். அவரோ பக்கத்தில் இருப்பவரிடம் சீறுவார். நம்மீது விழும் கடுஞ்சொல் பல வேளைகளில் நம்மை நோக்கிப் புறப்பட்டதே அன்று.

இதனுடன் பிழைப்பைப் பற்றிய அச்சமும் சேர்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத தோல் ஆலைகளுக்குக் கெடு விதித்துத் தீர்ப்பளித்தது. பாலாற்றையும் நிலத்தையும் காக்க அது தேவையான தீர்ப்பே. ஆயினும் நாளை வேலை உண்டா என்ற கேள்வி அன்று பல வீடுகளில் எழுந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான சுங்க வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, ஏற்றுமதியை நம்பிய இத்தொழில் மறுபடியும் கலங்கியது. நம் அருகில் இருப்பவர் இவ்வச்சத்துடன் வீட்டுக் கடனையும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நிற்கலாம்.

பணியிட அழுத்தம் நெடுநாள் தீர்க்கப்படாமல் போனால் என்ன நேரும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விளக்கியது. உடலும் உள்ளமும் சோர்ந்துபோதல், வேலையின்மீது கசப்பு, முன்போல் வேலை செய்ய இயலாமை ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இதை ஒரு நோய் என்று அந்நிறுவனம் வகைப்படுத்தவில்லை. எனவே அத்தகையவரைப் பைத்தியம் என்று பட்டம் சூட்டுவது அறியாமை.

அன்பர்களே! நாம் செய்யத்தக்கவை என்ன?

முதலாவது, சூட்டிற்குச் சூடு சேர்க்காதிருத்தல். அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அத்தனை காலத்தில் ஒருமுறையேனும் தாம் கடிந்துகொள்ளப்பட்டதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். பணியிடத்தில் நாவைக் காப்பதற்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேறில்லை.

இரண்டாவது, புறம் பேசாதிருத்தல். அவர் காலையில் கத்தியதை மதிய உணவு வேளையில் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்தால், ஏற்கெனவே தளர்ந்தவரைத் தனிமையிலும் தள்ளிவிடுகிறோம்.

மூன்றாவது, தனியே விசாரித்தல். தேநீர் நேரத்தில், "என்ன பாய், உடம்பு சரியில்லையா? வீட்டில் எல்லாரும் நலமா?" என்று கேளுங்கள். அவர் பேசினால் காது கொடுங்கள். "தொழுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தொழுகை மனத்திற்கு அமைதி தரும். ஆனால் அவர் துயரைக் கேட்கும் கடமை நம்முடையது. கேட்டதை அமானிதமாகக் காத்துக்கொள்ளுங்கள். இயன்றால் அவர் வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். தூக்கமின்றி வந்தவர் கட்டிங் பிரஸ்ஸில் நின்றால் விரல் போகும் அபாயம் உண்டு. அன்றைக்கு அவருக்கு வேறு வேலை கொடுக்கச் சொல்வது காட்டிக்கொடுப்பதாகாது, அவரைக் காப்பதாகும்.

நான்காவது, எல்லையை அறிதல். பொறுமை என்பது அநீதிக்கு இடம் கொடுப்பதன்று. இழிவான ஏச்சும், கை ஓங்குதலும், பெண் தொழிலாளரிடம் வரம்பு மீறுதலும் மன அழுத்தத்தின் பெயரால் மன்னிக்கத் தக்கவை அல்ல. அவர் அமைதியடைந்தபின் தெளிவாகச் சொல்லுங்கள். தொடர்ந்தால் நிர்வாகத்திடம் முறையிடுங்கள்.

உறக்கமும் உணவும் விலகி, வாழ்வதில் பயனில்லை என்று ஒருவர் பேசத் தொடங்கினால், தாமதம் கூடாது. அவரைத் தனியே விடவும் கூடாது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறை அங்கு நெடுங்காலமாக உள்ளது. உடன் ஒருவர் இருப்பதும் மருந்தே என்பதை அம்முறை உணர்த்துகிறது.

நம்மில் சூப்பர்வைசர்களாகவும் முதலாளிகளாகவும் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஒருவரைப் பலர் முன்னிலையில் அவமதிக்காதீர்கள். குறையைத் தனியே சொல்லுங்கள். இயலாத டார்கெட்டைச் சுமத்திவிட்டுப் பொறுமையை உபதேசிப்பது நியாயமாகாது.

இன்று அவர் தளர்ந்திருக்கிறார். நாளை நாம் தளரலாம். ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.