ட்ராலிக்குப் பின்னாடி: விமானப் பணியாளர்களிடம் நாம கத்துக்க வேண்டிய பயணப் பழக்கங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பல்களை எடுத்துவிட்டுக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

திருச்சியிலிருந்து இன்னொரு எபிசோட். இன்னைக்குத் தலைப்பு பயணம். "இந்த லீவுக்குப் போக வேண்டிய பத்து இடங்கள்" மாதிரி இல்லை. விமானத்துக்குள்ளேயே வேலை பார்க்கிற கேபின் க்ரூ எப்படிப் பயணம் பண்றாங்க, அதில் நம்ம வீட்டுக்கு எதை எடுத்துக்கலாம் என்பதுதான் விஷயம்.

அந்த ஆயுத பூஜை சாயங்காலம்

2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை. திருச்சியில் இருந்தவங்க யாரும் அந்த சாயங்காலத்தை மறந்திருக்க மாட்டாங்க. 140 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு. விமானம் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமாகவே வானத்தில் வட்டமடிக்க ஆரம்பித்தது. இரண்டரை மணி நேரம். கீழே ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரிசையா நின்றன. டிவியில் நேரலை. பாதி ஊர் ஃப்ளைட்ரேடார்24 ஆப்பைத் திறந்து அந்தச் சின்ன மஞ்சள் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இரவு 8:15 வாக்கில் பத்திரமா இறங்கியது. யாருக்கும் காயமில்லை.

அன்னைக்கு நிறைய பேர் கேட்ட கேள்வி: "கோளாறுன்னா உடனே இறக்க வேண்டியதுதானே, ஏன் சுத்தணும்?" பதில் ரொம்ப எளிமை. ஷார்ஜா வரைக்கும் போக வேண்டிய எரிபொருள் டாங்கியில் இருக்கு. ஒரு விமானம் கிளம்பும்போது இருக்கலாம் என்கிற எடை வேறு, இறங்கும்போது இருக்கலாம் என்கிற எடை வேறு. சில பெரிய விமானங்களில் எரிபொருளை வானத்திலேயே வெளியேற்ற வசதி இருக்கும். போயிங் 737-இல் அது கிடையாது. எரித்துத்தான் தீர்க்கணும். அதனால்தான் அந்த வட்டங்கள்.

விமானிகளைப் பற்றி எல்லாரும் பேசினாங்க, பாராட்டினாங்க. நியாயம்தான். ஆனா எனக்கு அந்த ராத்திரி தோன்றியது, அந்த இரண்டரை மணி நேரமும் பயணிகள் கண் முன்னாடி நின்றவங்க யார்? கேபின் க்ரூ. இவங்களை நாம தண்ணி கேட்கிறதுக்கும், அழகா சிரிக்கிறதுக்கும்தான் இருக்காங்கன்னு நினைச்சுட்டிருக்கோம்.

"ஸ்டைல்" எங்கிருந்து வந்தது?

உலகத்தின் முதல் விமானப் பணிப்பெண் என்று சொல்லப்படுகிற எலன் சர்ச், ஒரு நர்ஸ். 1930 மே மாதம் அமெரிக்காவில், போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தில் வேலையைத் தொடங்கினாங்க. ஆரம்பத்தில் எடுத்ததே நர்ஸ்களைத்தான். காரணம், பறக்கப் பயப்படுகிற பயணிகளுக்குத் தைரியம் வரணும், வாந்தி மயக்கம் வந்தா பார்த்துக்க ஆள் வேணும். கவர்ச்சி, லிப்ஸ்டிக் எல்லாம் விளம்பரக் கம்பெனிகள் பின்னாடி பூசிய பூச்சு.

அந்தப் பூச்சுக்கு விலையும் இருந்தது. நம்ம நாட்டிலேயே ஏர் இந்தியாவில் ஒரு காலத்தில் விதி என்னன்னா, விமானப் பணிப்பெண் 35 வயதில் ஓய்வு பெறணும். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் பண்ணினால் வேலை போச்சு. முதல் முறை கர்ப்பமானாலும் வேலை போச்சு. அதே விமானத்தில் வேலை பார்க்கிற ஆண் பர்சருக்கு 58 வயது வரை வேலை. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கர்ப்ப விதியை ரத்து செய்தது. கல்யாண விதியை அப்போது தொடவில்லை. பளபளப்பான யூனிஃபார்முக்குப் பின்னாடி இவ்வளவு சண்டை இருந்திருக்கு.

1986-இல் கராச்சியில் பான் ஆம் விமானம் கடத்தப்பட்டபோது பயணிகளைக் காப்பாற்றி உயிர் கொடுத்த நீர்ஜா பானோத்தை உங்களுக்குத் தெரியும். வயது 22. அசோக சக்ரா பெற்றவர். அவர் வேலையின் பெயரும் கேபின் க்ரூதான்.

இரண்டு ஊர், ஒரே தேதி

2024 ஜனவரி 2. நம்ம திருச்சி விமான நிலையத்தின் புது முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்த நாள். ஸ்ரீரங்கம் கோபுரத்தை நினைவுபடுத்துகிற முகப்போடு, வண்ண வண்ணமா இருக்கே, அதே கட்டடம்.

அதே நாள் சாயங்காலம் டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 ஒன்று ஓடுபாதையில் கடலோரக் காவல் படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. அந்தச் சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துபோனாங்க. ஆனா பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தாங்க. எட்டு கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. உள்ளே அறிவிப்பு ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. க்ரூ மெகாஃபோனிலும், வெறும் தொண்டையிலும் கத்தி வழி காட்டினாங்க. இன்னொரு முக்கியமான விஷயம், பயணிகள் பையை எடுக்கவில்லை.

இதை நம்ம ஊர் விமானத்தோடு கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்க. சக்கரம் தரையைத் தொட்டதும் 'டக் டக்'னு பெல்ட் கழட்டுற சத்தம். மேலே பெட்டியைத் திறக்க ஒரு கூட்டம். ஒரு விமானத்துக்கு அனுமதி வாங்கும்போதே, பாதிக் கதவுகளை மட்டும் வைத்து, எல்லாரையும் 90 விநாடியில் வெளியேற்ற முடியும் என்று நிரூபிக்கணும். அந்தக் கணக்கில் உங்க ட்ராலி பெட்டிக்கு இடமே இல்லை.

க்ரூவிடம் இருந்து நாம எடுத்துக்க வேண்டிய முதல் மூன்று பழக்கங்கள் இதோ. காசு செலவே கிடையாது.

ஒன்று, உட்கார்ந்ததும் உங்க சீட்டில் இருந்து பக்கத்துக் கதவு வரைக்கும் எத்தனை வரிசை என்று எண்ணுங்க. முன்னாடி ஒன்று, பின்னாடி ஒன்று. புகையில் கண் தெரியாது, கை தெரியும்.

இரண்டு, கிளம்பின முதல் 3 நிமிஷம், இறங்குறதுக்கு முந்தைய 8 நிமிஷம். இந்தப் பதினொரு நிமிஷம்தான் அதிகக் கவனம் தேவைப்படுகிற நேரம் என்பது க்ரூ பயிற்சியில் சொல்கிற கணக்கு. அப்போ செருப்பு காலில் இருக்கட்டும், இயர்போன் காதில் வேண்டாம், தூங்கவும் வேண்டாம்.

மூன்று, அந்த நேரத்தில் க்ரூ சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும். உண்மையில் மனசுக்குள் ஒரு ஒத்திகை ஓடும்: என் கதவு எப்படித் திறக்கும், என்ன சொல்லிக் கத்தணும், யாருக்கு உதவி தேவைப்படும். நம்ம சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சொல்லணும்னா, ரிலீஸுக்கு முன்னாடி ரோல்பேக் பிளானை ஒரு தடவை படிச்சுக்கிற மாதிரி.

சக்கரம் வச்ச பெட்டியின் கதை

இப்போ கருவிகளுக்கு வருவோம். இன்னைக்கு எல்லார் கையிலும் இருக்கிற, நிமிர்த்தி இழுக்கிற ட்ராலி பெட்டி யார் கண்டுபிடிச்சது தெரியுமா? ராபர்ட் பிளாத். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானி. 1987-இல் பெட்டியைச் செங்குத்தா நிறுத்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்தார். அதுக்கு முன்னாடி 1970-லேயே பெர்னார்ட் சாடோ சக்கரப் பெட்டி செய்திருந்தார். ஆனா அதைப் படுக்க வச்சு வாரைப் பிடிச்சு, ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துட்டுப் போகணும். பிளாத்தின் பெட்டியை முதலில் வாங்கினது சக விமானிகளும் கேபின் க்ரூவும்தான். அவங்க இழுத்துட்டுப் போறதைப் பார்த்துப் பயணிகள் "எங்க கிடைக்கும்?"னு கேட்க ஆரம்பிச்சாங்க. ஆக, ஸ்டைலா தெரிஞ்ச பொருள், முதுகுவலிக்குக் கண்டுபிடிச்ச வைத்தியம்.

இந்த வகைக் கருவிகளில் நான் சிபாரிசு செய்யறது கொஞ்சம்தான்.

தொங்கவிட்டு எடை பார்க்கிற டிஜிட்டல் தராசு. சில நூறு ரூபாய். நம்ம விமான நிலையக் கவுண்டர் முன்னாடி பெட்டியைப் பிரிச்சுப் போட்டு, அப்பளக் கட்டை இந்தப் பையில் இருந்து அந்தப் பைக்கு மாற்றுகிற குடும்பத்தைப் பார்க்காதவங்க உண்டா? அதை வீட்டுக் கூடத்திலேயே முடிச்சுடலாம். கைப்பைக்கு இங்கே பெரும்பாலும் 7 கிலோ, சில நிறுவனங்களில் 10. டிக்கெட்டில் பார்த்துக்கோங்க.

பவர் பேங்க். இது எப்பவும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. வரம்பு 100 வாட் ஹவர். உங்க பவர் பேங்கில் மில்லி ஆம்பியர்தானே போட்டிருக்கு? 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்க. 20,000 என்றால் 74 வாட் ஹவர், பிரச்சினை இல்லை. ஆனா 2025 ஏப்ரல் 1 முதல் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் பவர் பேங்கை எடுத்துப் போகலாம், பறக்கும்போது பயன்படுத்தக் கூடாது. போனை வீட்டிலேயே முழுசா சார்ஜ் பண்ணிட்டுக் கிளம்புங்க.

காலி தண்ணீர் பாட்டில். விமானத்துக்குள் காற்று ரொம்ப வறண்டது. அழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்தில் இருக்கிற அளவு. சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதும் காது அடைக்கிறதும் அதனால்தான். பாதுகாப்புச் சோதனை முடிஞ்சதும் பாட்டிலை நிரப்பிக்கோங்க. சாப்பாட்டுக்கு நம்ம ஊர் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை. சிந்தாது, கெடாது.

ஸ்ரீரங்கத்து அம்மாக்களுக்காக

இந்த எபிசோடைப் பண்ணக் காரணமே இதுதான். அடுத்த மாசம் எங்க அம்மா ஸ்ரீரங்கத்தில் இருந்து சிங்கப்பூர் போறாங்க. முதல் விமானப் பயணம், தனியா. அக்காவுக்குப் பிரசவம். எங்க தெருவில் இப்படிப் போகிற நாலாவது அம்மா இவங்க. சித்திர வீதி, உத்திர வீதியில் எந்த வீட்டைத் தட்டினாலும் ஒரு சிங்கப்பூரோ கலிஃபோர்னியாவோ இருக்கும். அம்மாவோட பயம் விமானம் விழுந்துடுமோ என்பது இல்லை. "யாராவது ஏதாவது கேட்டு எனக்குப் புரியலைன்னா?" என்பதுதான்.

டிக்கெட் எடுக்கும்போதே உதவி கேட்டு வைக்கலாம். விமான நிறுவனங்களின் கம்ப்யூட்டரில் இதுக்கு நாலெழுத்துக் குறியீடுகள் இருக்கு. நடக்க முடியும், ஆனா நீண்ட தூரம் முடியாது என்பவர்களுக்கு ஒரு சக்கர நாற்காலிக் குறியீடு. படி ஏறவே முடியாதவர்களுக்கு இன்னொன்று. நாற்காலி வேண்டாம், கூட ஒருத்தர் வந்து வழி காட்டினால் போதும் என்பதற்கும் சில நிறுவனங்களில் தனி வசதி உண்டு. 48 மணி நேரத்துக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அம்மா கௌரவம் பார்ப்பாங்க, "எனக்கென்ன கால் இல்லையா?"ம்பாங்க. நாற்காலி தள்ளுகிறவருக்கு எல்லா வரிசையும் தெரியும், அவர்தான் உங்க வழிகாட்டின்னு சொல்லிப் பாருங்க. எங்க வீட்டில் அதுதான் வேலை செய்தது.

அடுத்து, சிங்கப்பூர் வருகை அட்டை. இறங்குறதுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசு தளத்திலேயே நிரப்பணும். இலவசம். மலேசியாவுக்கும் 2024-இல் இருந்து இதே மாதிரி டிஜிட்டல் அட்டை, அதுவும் இலவசம். இதுக்குக் காசு கேட்கிற தளங்கள் தேடலில் மேலே வரும், ஏமாறாதீங்க.

மூட்டை விஷயம். பிரசவ லேகியம் திடமா திரவமா என்று வீட்டில் பெரிய விவாதம் ஓடியது. சோதனைக் கவுண்டரில் பசை மாதிரி இருக்கிற எல்லாம் திரவக் கணக்குதான், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விட மாட்டாங்க. நெய், எண்ணெய் ஊறுகாய், லேகியம் எல்லாம் செக்-இன் பெட்டிக்கு, இரண்டு கவர் போட்டு. மருந்துக்கும் உணவுக்கும் போகிற நாட்டின் விதியைத் தனியா பார்த்துக்கோங்க. கொப்பரைத் தேங்காய் எந்தப் பையிலும் வேண்டாம். எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பிடிக்கும் என்று தடைப் பட்டியலில் இருக்கு. அமெரிக்கா போறவங்க, 350 மில்லி அளவுக்கு மேல் பொடி கைப்பையில் இருந்தால் தனிச் சோதனை உண்டு. அங்காயப் பொடியும் கீழே போகட்டும்.

கடைசியா ஒரு அரைப் பக்கத் தாள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். பெயர், விமான எண், அக்காவின் விலாசம், போன் நம்பர், சாப்பிடுற மாத்திரைகள், "எனக்குத் தமிழ்தான் பேச வரும்" என்று ஒரு வரி. போன் அணைந்தாலும் தாள் அணையாது. உள்ளே ஏறினதும் வாசலில் நிற்கிற க்ரூவிடம் அதைக் காட்டச் சொல்லியிருக்கேன். க்ரூ வாசலில் நின்று வணக்கம் சொல்வது மரியாதைக்கு மட்டும் இல்லை. யாருக்கு உதவி தேவைப்படும், ஆபத்து நேரத்தில் யார் உதவி செய்வாங்க என்று அந்தச் சில விநாடியில் பார்த்து வைக்கிறாங்க. அம்மாவை அவங்க பார்த்து வைக்கட்டும்.

தங்கைக்கு க்ரூ வேலை வேணுமா?

ஒரு நேயர் கேட்டிருந்தார்: தங்கைக்கு இந்த வேலையில் ஆசை, பயிற்சி நிறுவனத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறாங்க, கட்டலாமா? பொதுவா கேட்கிறது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, வயது, உயர வரம்பு, இங்கிலீஷ் பேச்சு. தேர்வான பிறகு அவசர வெளியேற்றம், முதலுதவி, தீயணைப்பு எல்லாவற்றையும் விமான நிறுவனமே கத்துக் கொடுக்கும். வெளிச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. தன்னம்பிக்கை வரும்னு படிச்சா அது வேற. "வேலை உறுதி"ன்னு யாராவது சொன்னா எழுத்தில் கேளுங்க. முதல் வேலையா நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் நேர்காணல் அறிவிப்பைப் பாருங்க. வீட்டில் "அந்த வேலையா?"னு இழுத்தா, அந்த ஆயுத பூஜை விமானத்தை ஞாபகப்படுத்துங்க.

இன்னும் ஒண்ணு, ஜன்னல் சீட் கிடைச்சா விடாதீங்க. சில வருஷம் முன்னாடி சென்னை–மதுரை விமானத்தில் ஒரு விமானி தமிழிலேயே, கீழே காவிரியும் கொள்ளிடமும் பிரியறதையும் நடுவில் ஸ்ரீரங்கத்தையும் காட்டி அறிவிச்ச வீடியோ பார்த்திருப்பீங்க. 236 அடி ராஜகோபுரம் மேலே இருந்து விரல் நுனி அளவுதான்.

உங்க வீட்டுப் பெரியவங்க முதல் தடவை பறந்தபோது எது கைகொடுத்துச்சு? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சேர்த்துக்கிறேன். அம்மா போறதுக்கு முன்னாடி அனுப்பினா இன்னும் நல்லது.