படிக்கும்போதே மருந்துக் கடை வேலைக்குப் போகலாமா?

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்று செயலாளர் சொல்லியிருந்தார். காலையில் இரண்டு தம்பிகள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "சார், சாயங்காலம் மெடிக்கல் ஷாப்புக்கு வேலைக்குக் கூப்பிடறாங்க. போகலாமா?" அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நான் மேட்டூர்க்காரன். 1934-இல் அணை கட்டி முடித்த பிறகு ஆலைகள் வந்து சேர்ந்த ஊர். எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு ஷிப்ட் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். நைட் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா தூங்க, நாங்கள் சத்தமில்லாமல் பள்ளிக்கூடம் கிளம்புவோம். அதனால் வேலையைப் பற்றி யோசிக்கும்போது சம்பளத்துக்கு முன்னால் தூக்கத்தைக் கணக்கில் எடுப்பது என் பழக்கம். நாலு மணிக்கு வகுப்பு விடும். ஆறிலிருந்து பத்து வரை கடை. பஸ் பிடித்து வீடு வர பதினொன்று. ரெக்கார்டு நோட்டு எப்போது எழுதுவது? டி.பார்ம்.முக்கு 75 சதவீதம், பி.பார்ம்.முக்கு 80 சதவீதம் வருகைப்பதிவு வேண்டும். தூங்கி வழிந்து வகுப்பில் உட்கார்ந்தாலும் வருகை கிடைத்துவிடும், அது வேறு விஷயம்!

நானும் இரண்டாம் ஆண்டில் மாலை வேளையில் ஒரு கடையில் நின்றவன்தான். பில் போடுவது, எக்ஸ்பைரி பார்த்து ஒதுக்குவது, வந்த சரக்கை அடுக்குவது. சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநர் அண்ணன் ஒருவர். ஒருநாள் கொளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதிய சீட்டோடு வந்தார். அண்ணன் மாத்திரைக் கவரில் பேனாவால் பெரிதாக 'செவ்வாய் மட்டும்' என்று எழுதி, அந்த அம்மாவையே மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். கடையில் கூட்டம் முணுமுணுத்தது. அவர் அசையவில்லை. வாரம் ஒரு தடவை சாப்பிட வேண்டிய அந்த மருந்தைத் தினமும் சாப்பிட்டால் ரத்த அணு உற்பத்தி விழுந்து உயிருக்கே ஆபத்து. அன்று கவுண்டரில் நான் தனியாக நின்றிருந்தால் 'காலை ஒன்று' என்றுதான் எழுதிக் கொடுத்திருப்பேன். அந்தப் பாடம் அப்போது எங்களுக்கு நடக்கவில்லை.

சிக்கல் இங்கேதான். "அண்ணன் இன்னிக்கு லீவு, நீதான் பார்மசி படிக்கறியே, பார்த்துக்கோ" என்பார் முதலாளி. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமையைப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டும்தான் தருகிறது. படித்துக்கொண்டிருப்பவர் இன்னும் பதிவு பெறவில்லை. சர்டிஃபிகேட்டை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு ஆளே வராத கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கடையில் உங்களுக்குச் சம்பளம் கூடவே கிடைக்கும். ஏன் கூடக் கிடைக்கிறது என்று யோசியுங்கள்.

இன்னொன்று. "கடையில நின்னா டிரெயினிங் மணி நேரத்துல கழிச்சுக்கலாம்" என்று ஒரு பேச்சு உண்டு. டி.பார்ம். பயிற்சியான 500 மணி நேரம், இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதிய பிறகு, அங்கீகாரம் பெற்ற இடத்தில், மூன்று மாதத்துக்குக் குறையாமல் செய்ய வேண்டியது. அதில் 250 மணியாவது சீட்டுக்கு மருந்து வழங்கும் வேலையாக இருக்க வேண்டும். அதற்கு முன் நின்ற சாயங்காலங்கள் இதில் சேராது.

வீட்டில் உலை கொதிக்கவில்லை என்கிற பிள்ளையிடம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கினார்கள். அலுவலகத்தில் முதலில் அதை விசாரியுங்கள். அப்புறமும் போதாதென்றால் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கலாம், தப்பு நடந்தாலும் மார்க்கோடு போய்விடும். கடைதான் என்றால் முதலாண்டு வேண்டாம். உடற்கூறியலும் வேதியியலும் சேர்ந்து அமுக்கும் வருஷம் அது. இரண்டாம் ஆண்டில் ஞாயிறு, விடுமுறை நாட்களில் போங்கள். போகுமுன் அங்கே மருந்தாளுநர் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை இருக்கிறார் என்று முதலாளியிடம் நேராகவே கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

அந்த இரண்டு தம்பிகளும் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள், உங்கள் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்ப்போம்.