பரணில் கிடக்கும் வீடியோ டெக்

 

இன்று வீடியோ டெக்கைப் பற்றிப் பேசலாம். அது எப்போதோ போய்விட்டதே என்பீர்கள். உண்மைதான். 1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அந்த ஆண்டில்தான் நம் நாட்டில் கலர் டிவி வந்தது. அதன் பின்னாலேயே டெக்கும் தெருத் தெருவாக வந்தது. வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தார்கள். பிறகு சி.டி. வந்தது. டெக் பரணுக்குப் போனது. ஜப்பானின் ஃபுனாய் என்ற கம்பெனி கடைசிவரை டெக் செய்தது. அதுவும் 2016-இல் நிறுத்திவிட்டது.

ஆனால் கல்யாணக் கேசட் இருக்கிறதே! இறந்துபோன அப்பா அதில் நடந்து வருகிறார். பாட்டி சிரிக்கிறார். போட்டோவில் நடையும் இல்லை, குரலும் இல்லை. கேசட் நாடா வருடா வருடம் கெட்டுக்கொண்டே போகும். ஓடுகிற டெக்கும் குறைந்துகொண்டே போகிறது. அதனால் இதைத் தள்ளிப் போட முடியாது.

முதலில் கேசட்டைப் பாருங்கள். அவசரப்பட்டு டெக்கில் போடாதீர்கள். கேசட்டின் மேல் ஜன்னல் போல ஒரு கண்ணாடி இருக்கும். வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சணம். ஊறுகாயில் பூக்குமே, அது போல. அந்தக் கேசட்டை ஓட்டக் கூடாது. நாடா ஒட்டிக் கிழியும். பூஞ்சணம் டெக்குக்குள் போய், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனியே வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அது இருக்கும்வரை கேசட்டில் புதிதாகப் பதிவு செய்ய முடியும். தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் கல்யாணம் அழிந்துவிடும். அந்தத் துண்டை உடைத்து எடுத்துவிடுங்கள். படத்துக்கு ஒன்றும் ஆகாது.

இனி ஒயர் மாட்டலாம். டெக்கின் பின்னால் வட்டமான ஓட்டைகள் இருக்கும். மஞ்சள், படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. சில டெக்கில் சிவப்பு இருக்காது. பரவாயில்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் 'அவுட்', 'இன்' என்று எழுதியிருக்கும். அவுட்டுக்கு மூன்று எழுத்து. இன்னுக்கு இரண்டு எழுத்து. இங்கிலீஷ் தெரியாதவர்கள் எழுத்தை எண்ணினாலே போதும். டெக்கின் அவுட்டிலிருந்து டிவியின் இன்னுக்கு ஒயர் போக வேண்டும். படம் வரவில்லை என்று கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சில புது டிவியில் மஞ்சள் ஓட்டையே இல்லை. எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான ஓட்டைதான் இருக்கும். அதற்கு நடுவில் கன்வர்ட்டர் என்ற சின்ன டப்பா வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஒன்று மாற்றுவதற்கு நேர் எதிராக மற்றது மாற்றும். "பழைய டெக்கைப் புது டிவியில் மாட்ட வேண்டும்" என்று கடைக்காரரிடம் சொல்லியே வாங்குங்கள். பிறகு டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டனை அழுத்தி, ஒயர் மாட்டிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போதும் கல்யாணக் கேசட்டைப் போடாதீர்கள்! முதலில் வேண்டாத சினிமாக் கேசட் ஒன்றைப் போடுங்கள். சும்மா கிடந்த டெக்கில் ரப்பர் உருளை இறுகியிருக்கும், பெல்ட் தளர்ந்திருக்கும். அது நாடாவை மென்றுவிடும். பத்து நிமிடம் ஓட்டி, கேசட்டை வெளியே எடுத்து, நாடா கசங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு வந்தால் டிராக்கிங் பட்டனை மெதுவாக மாற்றிப் பாருங்கள். ஒலி நன்றாக வந்து, படம் மட்டும் கொசு மொய்த்தது போல இருந்தால் ஹெட்டில் அழுக்கு. படத்தைப் படிக்கும் ஹெட் ஓர் உருளையில் இருக்கிறது. அந்த உருளை நம் நாட்டு டெக்கில் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். ஒலியைப் படிக்கும் ஹெட் வேறு. அது அசையாமல் நிற்கும். அதனால்தான் ஒன்று கெட்டாலும் இன்னொன்று வேலை செய்கிறது.

ஹெட்டைப் பஞ்சால் துடைக்காதீர்கள். பஞ்சு நூல் மாட்டி ஹெட் உடையும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்குங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் வெள்ளைத் தாளை நனைத்து, உருளை மேல் லேசாக வையுங்கள். தாளை அசைக்காமல் உருளையைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்க்கக் கூடாது. கரண்ட் வரும் பலகையைத் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே கரண்ட் தங்கியிருக்கும். பயமாக இருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

படம் நன்றாக ஓடினால் உடனே நகல் எடுங்கள். கடையிலும் எடுத்துத் தருவார்கள். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு நகல் எடுக்கவும் மூன்று மணி நேரம் ஆகும். கொடுக்கும் முன் யார் கல்யாணம், எந்த ஊர், என்ன தேதி என்று கேசட் மேல் உங்கள் கையாலேயே எழுதுங்கள். கடையில் கேசட் மாறிப் போகாது. நகலை முழுதாகப் பாருங்கள். பழைய கேசட்டையும் மறக்காமல் திரும்ப வாங்கி வாருங்கள்.