ஆசிரியருக்கு இடம் கொடுக்கும் தலைமை

(பூன் லேயில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. பள்ளி நடத்திய சமுதாயம் நாம். இன்று நம் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கே ஆசிரியருக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்பது நமக்கும் உரிய கேள்விதான்.

இங்கிருந்து 179ஆம் எண் பேருந்தில் ஏறினால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் வரும். அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில்தான் நம் நாட்டு ஆசிரியர்களும் பள்ளி முதல்வர்களும் பயிற்சி பெறுகிறார்கள். 2004இல் பிரதமர் லீ சியன் லூங், குறைவாகக் கற்பித்து நிறைவாகக் கற்கச் செய்வோம் என்றார். பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. மிஞ்சும் நேரத்தை ஆசிரியர் தம் வகுப்புக்கு ஏற்றபடி பயன்படுத்தலாம் என்பதே நோக்கம். 2023க்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகளும் நீக்கப்பட்டன.

அமைச்சு நேரத்தைக் கொடுத்தது. அது ஆசிரியரின் கைக்கு வந்து சேருமா என்பது பள்ளி முதல்வரைப் பொறுத்தது. ஒரு முதல்வர் அந்த நேரத்தைக் கூடுதல் பயிற்சித் தாள்களால் நிரப்பலாம். இன்னொருவர், "உங்கள் வகுப்புக்கு என்ன தேவை?" என்று ஆசிரியரைக் கேட்கலாம். பாடத்திட்டம் ஒன்றுதான், ஆசிரியரின் மனநிலைதான் வேறு.

வியாபாரம் செய்யும் நமக்கு இது புரியும். ஒவ்வொரு விலைக்கும் முதலாளியைக் கேட்க வேண்டிய பணியாளர், வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலாளி முகத்தைத்தான் பார்ப்பார்.

அதற்காக, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது சுதந்திரம் ஆகாது. ஆசிரியர் புதிய முறையில் பாடம் நடத்துகிறார். ஒரு தவணை மதிப்பெண் இறங்குகிறது. அப்போது முதல்வர் விளக்கம் கேட்டு நிறுத்துகிறாரா, "சேர்ந்து பார்ப்போம்" என்கிறாரா? அடுத்த முறை ஆசிரியர் துணிவாரா என்பது அதில்தான் இருக்கிறது.

முதல்வரின் துணிவில் பெற்றோருக்கும் பங்குண்டு. சிறு குறைக்கெல்லாம் அவருக்கு நேராக மின்னஞ்சல் போனால், அவர் எல்லா ஆசிரியருக்கும் கட்டுப்பாட்டைக் கூட்டத்தான் செய்வார். முதலில் ஆசிரியரிடம் பேசுவோம்.

திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயர் 'ஷூரா', அதாவது கலந்தாலோசனை. அதை நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். நம் சங்கத்தின் துணைப்பாட வகுப்புகளுக்கு அட்டவணை போடும் முன், வார இறுதியை விட்டுக்கொடுத்து வந்து கற்பிக்கும் ஆசிரியர்களை அழைத்து மஷூரா செய்வோம். பிள்ளைகளை அறிந்தவர்கள் அவர்களே.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.